இடது கால் இன்னும் வரவில்லை

வலது கால் வந்துவிட்டது. இடது கால் இன்னும் வரவில்லை. முதுகில் போட்டது ஒரே ஊசி, இரண்டும் ஒன்றாகத்தான் மரத்துப்போயின, திரும்பி வருவதில் மட்டும் ஏன் இந்தப் பாரபட்சம். வலது எக்ஸ்பிரஸ் போல, எங்கும் நிற்காமல் வந்து சேர்ந்துவிட்டது. இடது டவுன் பஸ், கை காட்டிய இடத்தில் எல்லாம் நிற்கிறது, வரட்டும், வராமல் எங்கே போய்விடும் என்று சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை, ஆடு, கொஞ்சம் ஆடு என்று அதற்குச் சொல்லி அனுப்புகிறேன். பதில் இல்லை. யாரோ ஒருவருடைய காலை என் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு மறந்து போய்விட்டதுபோல அது பாட்டுக்குக் கிடக்கிறது. எழுந்து பார்க்கலாம் என்றால் தலையைத் தூக்கக் கூடாது. தண்டுவடத்தில் மருந்து போட்டிருக்கிறது, தூக்கினால் தலைவலி வரும், மல்லாந்தே படுத்திருங்கள் என்று சொல்லி சிஸ்டர் தலையணையையும் உருவிக்கொண்டு போய்விட்டார். ஆக இப்போது எனக்குத் தெரிகிற உலகம் ஒரு மின்விசிறி, சொட்டுச் சொட்டாக இறங்குகிற ஒரு குளுக்கோஸ் பாட்டில், கட்டிலுக்கு வலது பக்கம் பிரகாசியின் பாதி முகம். மீதிப் பாதியில் என் மனைவி அழுகிறாளா என்று தெரியவில்லை. உதடு அசைகிறது, ஜெபமாலை சேலைத் தலைப்புக்குள் உருளுகிறது, அவ்வளவுதான் தெரிகிறது. மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்து யாரோ எங்கேயோ ரசம் சாதத்தை மூடி வைக்கிறார்கள், வாசனை வருகிறது, பசிக்கிறது. பசிக்கிறது என்றால் நல்லது என்று நினைக்கிறேன். செத்துப்போகிறவனுக்கு ரசம் வாசனை இவ்வளவு துல்லியமாக வருமா, மிளகு தூக்கலாக இருக்கிறது என்று கூடச் சொல்லிவிடுவேன். டாக்டர் மங்கையர்க்கரசி காலையில் ஆபரேசன் தியேட்டருக்கு வெளியே என் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னதை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். ஆள் ஐந்தடி இருந்தால் அதிகம், குரல் மட்டும் பஸ் ஸ்டாண்டு முழுக்கக் கேட்கும். "கட்டி முழுசா வந்துருச்சு சவரிமுத்து. சுத்தி நல்ல சதையையும் ஒரு உறை மாதிரி சேத்துத்தான் எடுத்திருக்கோம். நரம்பு அதை ஒட்டிப் போச்சு. வெட்டலை, பிரிச்சு விட்டிருக்கோம். மருந்து இறங்குனதும் இடது கால் கட்டை விரலை மேல தூக்கிக் காட்டணும், உங்க மூஞ்சியைப் பாக்குற மாதிரி. அது எனக்குத்தான் பரீட்சை, உங்களுக்கு இல்லை." எனக்கு இல்லையாம். விரல் என்னுடையது, பரீட்சை அவருடையதாம். நல்ல மனுஷி.

விரல் தூக்காவிட்டால் என்ன என்பதையும் அவர் முன்னாலேயே ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பாதம் தொங்கும். நடக்கும்போது தரையில் தட்டும். பிளாஸ்டிக் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு நடக்கலாம், கடைக்குப் போகலாம், கோயிலுக்குப் போகலாம், எல்லாம் செய்யலாம். ஓடுகிற பஸ்ஸில் நிற்க முடியாது. அந்தக் கடைசி வரியை அவர் சொல்லவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். ஓடுகிற பஸ்ஸில் நிற்பதைத் தவிர எனக்கு வேறு என்ன தெரியும். மதுரை ஆரப்பாளையத்தில் ஏறினால் தேனி வரைக்கும் நிற்பேன், தேனியில் ஏறினால் ஆரப்பாளையம் வரைக்கும் நிற்பேன். பின்னால் கண்டக்டர் சீட் என்று ஒன்று இருக்கிறது, அதில் என் டிபன் டப்பாதான் உட்கார்ந்து வரும். நிற்பது என்றால் சும்மா நிற்பது இல்லை, அதில் ஒரு வித்தை இருக்கிறது, பிரேக் அடித்தால் எந்தக் காலுக்கு உடம்பைக் கொடுக்க வேண்டும், கணவாய் வளைவில் எந்தக் காலுக்கு என்று பாதத்துக்கே தெரியும், தலைக்குச் சொல்லி அனுப்பாது. இப்போது தலை சொல்லி அனுப்புகிறது, பாதம் கேட்கவில்லை, காலம் எப்படித் திரும்பிவிட்டது பாருங்கள். இரண்டு கையும் வேலையாக இருப்பதால் கண்டக்டர் என்கிறவன் எங்காவது சாய்ந்தாக வேண்டும். சீட்டு முதுகில் ஒரு இரும்புக் கம்பி வளைவு இருக்கும், அதன் முனையில் பின் தொடையை அண்டக் கொடுத்து நின்றால் டிக்கெட் கிழிக்கலாம், சில்லறை கொடுக்கலாம், குழந்தையைக்கூட வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கலாம். வருஷக் கணக்கில் இப்படிச் சாய்ந்தால் அந்த இடம் காய்த்துப்போகும். கம்பிக் காய்ப்பு என்போம். எங்கள் டெப்போவில் அது இல்லாதவன் கண்டக்டரே இல்லை, புதிதாக வந்தவர்கள் அது எப்போது வரும் என்று தடவிப் பார்த்துக்கொள்வார்கள். அதனால்தான் போன கோடையில் குளிக்கும்போது இடது பின் தொடையில், உள்ளே ஆழத்தில், வழுவழுப்பாக நெல்லிக்காய் அளவு ஒன்று கைக்குத் தட்டுப்பட்டபோது நான் கொஞ்சமும் பயப்படவில்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பிரகாசி கேட்டாள். "என்னங்க இது, கல்லு மாதிரி இருக்கு." நான் சிரித்தேன். "கம்பிக் காய்ப்புடி. சர்வீஸ் போட்டதுக்கு அரசாங்கம் குடுத்த மெடல்." வலித்ததா என்றால் இல்லை. வலித்திருந்தால் அன்றைக்கே ஓடியிருப்பேன், வலிக்காததால்தான் அதற்கு மெடல் என்று பெயர் வைத்தேன். தீபாவளிக்குள் அது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது. டெப்போ ஓய்வறையில் விஷயத்தைச் சொன்னதும் ஆளாளுக்கு வேட்டியைத் தூக்கித் தங்கள் காய்ப்பைக் காட்டினார்கள், என்னுடையதுதான் பெரிது என்று ஒருமனதாக முடிவானது, டீ நான்தான் வாங்கிக் கொடுத்தேன். ஒரு கண்டக்டரின் காய்ப்பு தோலில் இருக்கும், சொரசொரப்பாக இருக்கும், உள்ளே போய் உருண்டையாக உட்காராது என்று அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எப்படித் தோன்றும். எல்லோரும் கண்டக்டர்கள்.

சிக்கந்தர் அண்ணன் டிரைவர். அதுதான் வித்தியாசம். பதினோரு வருஷமாக நானும் அவரும் ஒரே வண்டி. அவர் எனக்குக் காட்டியது பெரும்பாலும் பிடரியைத்தான், ஆனால் நான் அவருக்கு முழுசாகத் தெரிவேன், தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில். நான் எப்போது கொட்டாவி விடுகிறேன், யாரிடம் குழைகிறேன், செக்கானூரணியில் மல்லிகைப்பூக் கூடைக்கு லக்கேஜ் டிக்கெட் போடாமல் விட்டது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆண்டிபட்டி டீக்கடையில் ஒரு நாள் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் என்னையே பார்த்தார். "சவரி, ஒண்ணு கேக்குறேன். உனக்குக் கட்டி எந்தக் கால்ல?" இடது என்றேன். "நீ சாயுறது வலது பக்கமய்யா. வலது தொடையத்தான் கம்பிக்குக் குடுப்ப, இடது காலை நடைபாதையில ஊனி நிப்ப. சாயாத கால்ல எப்படிய்யா கம்பி காய்க்கும்?" எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் விட்டுக் கொடுப்பேனா. "அண்ணே, கண்ணாடியில இடது வலதாத் தெரியும்ணே." இதை டெப்போவுக்குக் கொண்டு போனோம், அங்கே அது பெரிய வழக்காகிவிட்டது. கண்ணாடியில் மாறித் தெரியும் என்று ஒரு கட்சி, தினமும் கண்ணாடி பார்த்து ஓட்டுகிறவருக்கு அது தெரியாதா என்று ஒரு கட்சி, நான் முன்பக்கம் பார்த்து நிற்கிறேனா பின்பக்கம் பார்த்து நிற்கிறேனா என்பதைப் பொறுத்தது என்று மூன்றாவது கட்சி. மேஜை மேல் ஏறி நின்று சாய்ந்து காட்டச் சொன்னார்கள், காட்டினேன், ஆனால் யோசித்துக்கொண்டு சாய்ந்தால் எந்தப் பக்கமும் சரியாகத்தான் இருக்கிறது. நம் உடம்பு நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், எனக்கு என் உடம்பு எந்தப் பக்கம் சாயும் என்பதே தெரியவில்லை. கடைசியில் தீர்ப்பு சொன்னது பிரகாசி. உசிலம்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் காக்கிப் பேன்ட்டை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே, என்னமோ உப்பு விலை சொல்வதுபோலச் சொன்னாள். "எல்லாப் பேன்ட்டும் வலது பின்பக்கந்தான் தேஞ்சு பளபளங்குது. நான்தானே துவைக்கிறேன்." அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, சிரித்தால் தலை ஆடும், ஆடக் கூடாது, அதனால் வயிற்றுக்குள்ளேயே சிரித்துக்கொள்கிறேன். அந்தச் சிரிப்பு இடுப்பு வரைக்கும் போய் வலது பக்கமாகத் திரும்பிக்கொண்டது, இடது பக்கம் போகவில்லை.

நில், இப்போது ஏதோ நடந்தது. இடுப்பெலும்புக்குக் கீழே, இடது பக்கம், ஈரத்துணியை வைத்ததுபோல ஒரு குளிர். ஆரப்பாளையம் என்று வைத்துக்கொள்வோம், வண்டி கிளம்பிவிட்டது. தொடை நடுவில் செக்கானூரணி, அங்கேதான் ரோடு வேலை நடந்திருக்கிறது, தையல், கட்டு, குழாய் எல்லாம் அங்கே, அதனால் வண்டி மெதுவாகத்தான் தாண்டும். முழங்கால் உசிலம்பட்டி. கெண்டைக்கால் கணவாய். கணுக்கால் ஆண்டிபட்டி. கட்டை விரல் தேனி. நான் தேனி என்று கூவிக் கூவி ஆள் ஏற்றியிருக்கிறேன், தேனிக்கு இப்படி ஏங்கியது இல்லை. ஒரு விசில் கொடுத்தால் நில், இரண்டு கொடுத்தால் போ, நான் மனசுக்குள் இரண்டு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே இருக்கிறேன். பேன்ட் தீர்ப்புக்கு மறுநாள் போய்ப் பார்த்த உசிலம்பட்டி கிளினிக் டாக்டரும் நல்லவர்தான். சின்ன விஷயம் சார், கீறி எடுத்துவிடுங்கள், நாளைக்கு டூட்டி இருக்கிறது என்று நான்தான் அவசரப்படுத்தினேன். அவர் அழுத்திப் பார்த்தார், நகர்த்திப் பார்த்தார், அது நகரவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "நான் இதுல கத்தி வைக்க மாட்டேன். ஆழத்துல இருக்கு, வளருது, வலிக்கலைங்கறீங்க. படம் எடுத்துப் பாக்காமத் தொட்டா கெடுத்துருவோம். மதுரைக்குப் போங்க." மதுரைக்குத்தானே, தினமும் போகிறேனே என்றேன், அவர் சிரிக்கவில்லை. அந்த மனிதர் சிரிக்காததுதான் எனக்கு முதல் பயம். பிறகு குகை மாதிரி மெஷினுக்குள் படுக்க வைத்து எடுத்த ஸ்கேன் படம், பிறகு கோணி ஊசி மாதிரி ஒன்றால் கட்டிக்குள்ளிருந்து ஒரு நூல் சதை. ஊசி குத்தினால் பரவிவிடும், தொடாமல் எண்ணெய் போட்டுக் கரைக்கலாம் என்று பெரியகுளத்து மச்சினன் போனிலேயே அலறினான். டாக்டர் மங்கையர்க்கரசி அவனையும் ஸ்பீக்கரில் போடச் சொல்லி அவனுக்கே பதில் சொன்னார். "எந்த வழியா ஊசி போகுதோ அந்த வழியையும் சேத்துத்தான் ஆபரேசன்ல எடுக்கப் போறேன் தம்பி. என்ன கட்டின்னு தெரியாம கத்தி எடுத்தாத்தான் ஆபத்து." மச்சினன் அதற்குப் பிறகு அவரை அம்மா என்றுதான் சொல்கிறான். முடிவு வந்தது. சார்கோமா. தசையில், கொழுப்பில், இந்த மாதிரி மெத்தென்ற இடங்களில் வருகிற புற்று, லட்சத்தில் சில பேருக்குத்தான் வருமாம். லாட்டரியில் ஒரு தடவைகூட எனக்கு விழுந்ததில்லை, இதில் விழுந்திருக்கிறது பார் என்று பிரகாசியிடம் சொன்னேன், அவள் அடிக்கக் கையை ஓங்கிவிட்டு அழுதாள். புற்று என்ற சொல்லைக் கேட்டதும் அந்த அறையில் இருந்த மேஜை, நாற்காலி, காலண்டர் எல்லாம் இரண்டடி தள்ளிப் போய்விட்டன. டாக்டர் அவற்றைத் திரும்ப இழுத்து வைத்தார். "நுரையீரல் சுத்தமா இருக்கு. எலுமிச்சம்பழ அளவுலேயே வந்திருக்கீங்க. இங்க தேங்காய் அளவுல வர்றவங்கதான் அதிகம். யாரு கவனிச்சது?" என் டிரைவர் என்றேன். கண்ணாடியில் பார்த்தார் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, என்னது, மறுபடியும் சொல்லுங்க என்றார்.

மறுபடியும் சொல்லுங்க, மறுபடியும் ஆடு, எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கிறது. ஐந்து வாரம் கரண்ட் வைத்தார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வோம், கட்டி சுருங்கி ஓரம் கட்டட்டும், பிறகு எடுக்கலாம் என்று. தொடையில் நீல மையால் கோடு போட்டு அனுப்புவார்கள், வேலை நாள் தவறாமல் உசிலம்பட்டியிலிருந்து பயணியாக வந்து போனேன், சாய்வதற்குக் கம்பி தேடாமல் சீட்டில் உட்கார்ந்து. உட்கார்ந்து வந்தால் ரோடு வேறு மாதிரி இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே மலை இருப்பதையே அப்போதுதான் நிதானமாகப் பார்த்தேன். நல்லாத்தான் இருந்தது, ஆனால் அந்த உட்காருதல் எனக்கு வேண்டாம். டெப்போ ஆபீசில் ஒரு நாற்காலி இருக்கிறது, உடம்புக்கு முடியாதவர்களுக்கு என்று, குஷன் கிழிந்து நார் தெரியும், எதிரே சுவர்தான். அந்த நாற்காலிதான் என் பயம். சாவு கூட இரண்டாவதுதான். இல்லை, பொய் சொல்கிறேன், சாவுதான் முதல் பயம், ஆனால் சாவைப் பற்றி நினைக்க எனக்குத் தெரியவில்லை, நாற்காலியைப் பற்றி நினைக்கத் தெரிகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நெஞ்சுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள், வருஷக் கணக்கில் எடுக்க வேண்டுமாம், சரி, ஓடத் தகுதி இருக்கிறதா என்று வண்டிக்கு எஃப்சி காட்டுவதுபோல நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். பிரகாசி அதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்துவிட்டாள். இப்போது அவள் நாற்காலியை என் முகத்துப் பக்கம் இழுத்துப் போடுகிறாள். முழு முகமும் தெரிகிறது, அழவில்லை, மூக்கு மட்டும் சிவப்பு. "என்னங்க, எங்க வரைக்கும் வந்துருக்கு?" உசிலம்பட்டி தாண்டிருச்சு என்றேன், உண்மையிலேயே முழங்காலில் சாக்கு உரசுவதுபோல ஏதோ இருந்தது. "நம்ம வீடு வரைக்கும் வந்துருச்சா" என்று சிரித்தாள். நல்லவேளை இவளைக் கட்டினேன். வாய்விட்டு ஒரு நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை, தலையைத் தூக்கக் கூடாது என்றுதான் சிஸ்டர் சொன்னார், வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஆனாலும் சொல்லவில்லை. "போர்வையை விலக்கிப் பாரேன், விரல் ஆடுதான்னு" என்றேன். அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். "ஆடுற மாதிரிதாங்க இருக்கு." மாதிரி. இந்த மாதிரி என்ற சொல்லைச் சொல்கிற குரல் எனக்குத் தெரியும், எங்கள் பெரிய மகள் பிளஸ் டூ கணக்கில் தேறுவாளா என்று கேட்டபோதும் இதே குரல்தான். அவளை நம்ப முடியாது, என் மேல் பிரியம் அதிகம். பிரியம் இருக்கிறவர்கள் யாரையும் இந்த விஷயத்தில் சாட்சியாக வைக்க முடியாது.

வார்டு வாசலில் செருப்புச் சத்தம். பார்க்காமலே தெரியும், டிரைவர் நடை, வலது பாதம் ஆக்ஸிலேட்டரை மிதித்தே பழகியது, தரையைக் கொஞ்சம் அழுத்தித்தான் வைக்கும். டீசல் வாசனையும் அத்தரும் கலந்து வந்தது. காக்கிச் சட்டை என் ஆகாயத்துக்குள் நுழைந்தது, சிக்கந்தர் அண்ணன். சாயங்கால டிரிப்பை எடுப்பதற்கு முன்னால் ஆரப்பாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருக்கிறார், நிற்கக்கூட நேரமில்லை, ஆனால் நிற்கிறார். "என்னய்யா, சொகுசாப் படுத்துருக்க. உனக்குப் பதிலா ஒருத்தனை ஏத்தி விட்டுருக்காங்க, பின் சீட்டை விட்டு எந்திரிக்கவே மாட்டேங்கறான். கண்ணாடியில பாத்தா ஆளே இல்லை. பேய் வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு." அந்தப் பின் சீட்டு என் டிபன் டப்பாவுடையது, கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. டெப்போவில் இப்போது எல்லோரும் யார் எந்தப் பக்கம் சாய்கிறார்கள் என்று பேன்ட்டைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். இரண்டு பேர் டாக்டரிடம் போய்க் காட்டிவிட்டும் வந்தார்களாம், ஒருவருக்கு வெறும் கொழுப்புக் கட்டி, இன்னொருவருக்குப் பைக்குள் வைத்த பாக்குப் பொட்டலம் அழுத்தியது. சிரிப்பை அடக்கித் தலையை ஆட்டாமல் சமாளித்தேன். "அண்ணே, விரல் வரலைண்ணே." சிரிப்புக்கு நடுவிலேயே வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் கால்மாட்டுக்குப் போனார். சிஸ்டரும் வந்து நின்றார். கணவாய் இறங்குகிறது, கெண்டைக்காலில் எறும்பு, அப்புறம் கணுக்காலில் எறும்பு, ஆண்டிபட்டி, ஆண்டிபட்டி என்று எனக்குள் யாரோ கூவுகிறார்கள். "அசைச்சுப் பாருய்யா." அசைத்தேன், அசைத்தேனா என்று எனக்கே தெரியாது. "ஆடுது" என்றார். சிஸ்டர் குனிந்து பார்த்துவிட்டு, "கீழ மடக்குறாருங்க. அது வேற நரம்பு. மேல தூக்கணும்" என்றார். கீழே மடங்கினால் பாதி வழிதான் வந்திருக்கிறது. அண்ணன் இருமினார். "இப்ப மேல ஆடுற மாதிரி இருக்கு." இவரும் மாதிரி. இவருக்கும் பிரியம் வந்துவிட்டது, கெட்டது காரியம். "பொய் சொல்லாதீங்கண்ணே, நானே என் கண்ணால பாக்கணும்" என்றேன். பிறகு அண்ணன் பிரகாசியிடம் கேட்டார். "தங்கச்சி, கைப்பைக்குள்ள கண்ணாடி எதும் வச்சிருக்கியாம்மா?"

உள்ளங்கை அகலக் கண்ணாடி, ஓரத்தில் பழைய ஸ்டிக்கர் பொட்டு இரண்டு. கால்மாட்டில் நின்று அண்ணன் அதை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துச் சாய்க்கிறார், வண்டி எடுப்பதற்கு முன்னால் தலைக்கு மேலே கண்ணாடியைச் சரிசெய்கிற அதே கை, கொஞ்சம் மேலே, கொஞ்சம் இந்தப் பக்கம். முதலில் டியூப்லைட் தெரிந்தது, அப்புறம் சிஸ்டரின் வெள்ளைத் தொப்பி, அப்புறம் போர்வை ஓரம், அதற்கு நடுவில் ஒரு கட்டை விரல். மஞ்சளாக, நகம் வெட்டாமல், என்னுடையதுதான். இத்தனை வருஷம் என்னைச் சுமந்த விரல், இவ்வளவு நேராக அதை நான் பார்த்ததே இல்லை. தூக்கு என்று சொல்லி அனுப்பினேன். கெஞ்சினேன். திட்டினேன். டிக்கெட் எடுக்காமல் இறங்கப் பார்க்கிறவனை அதட்டுவதுபோல அதட்டினேன். பிரகாசியின் ஜெபமாலை நின்றுவிட்டது. கண்ணாடிக்குள் விரல் ஆடாமல் நின்றது, நின்றது, பிறகு தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மனமில்லாத ஆள் தலையை மட்டும் தூக்குவதுபோல மெல்ல மேலே எழும்பி என் முகத்தைப் பார்த்தது. எனக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் சந்தேகம் வந்துவிட்டது. வலது கால் எப்போதோ வந்துவிட்டதே, வலதைப் பார்த்து இடது என்று ஏமாறுகிறேனோ, டெப்போவில் அத்தனை பேர் கத்தினார்களே. "அண்ணே, கண்ணாடியில இடது வலதாத் தெரியும்ணே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க." அவர் கண்ணாடியை இறக்கவில்லை. இன்னொரு கை போர்வைக்குள் இருந்தது, அந்தக் கையின் சூடு என் வலது பாதத்தில் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, விரல்களையெல்லாம் சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். "வலதை நான் புடிச்சிருக்கேன்யா. ஆடுறது இடது." பிரகாசி என் நெற்றியில் கையை வைத்து அழுத்திக்கொண்டாள், தலையை நான் தூக்கிவிடாமல் இருக்கவோ, தான் விழுந்துவிடாமல் இருக்கவோ தெரியவில்லை. காதுக்குள் கண்ணீர் இறங்கியது, மல்லாந்து படுத்து அழுதால் அப்படித்தான் இறங்கும் போல. டாக்டரைக் கூப்பிடுகிறேன் என்று சிஸ்டர் போனார். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், அவர் டிரிப்புக்கு நேரம் ஆகிவிட்டது, தேனிக்குப் போகிற ஜனம் அங்கே வண்டியைச் சுற்றி நின்றுகொண்டிருக்கும், ஆனாலும் அவர் அசையவில்லை, கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் விசில் கொடுக்காமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை. நான் இடது கட்டை விரலைத் தூக்கினேன், இறக்கினேன், இன்னொரு தடவை தூக்கினேன். இரண்டு. அண்ணன் கண்ணாடியைப் பிரகாசியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.